கையொப்பம் சரிதான், அண்ணாச்சி!

பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கோலாட்டம், பட்டிமன்றம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் நிறைவாக நடந்தேறி, பாதிப் பேர் டோம்பிவிலி, கல்யாண் வண்டிகளைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் அண்ணாச்சி என் தோளைத் தொட்டார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைல இருக்கிறவன். இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பம்பாய் மும்பையாவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து, மூன்று பெண்களைப் படிக்க வைத்து, இருவரைக் கட்டிக் கொடுத்தவர். மூன்றாவது பெண்ணின் கல்யாணத்துக்கென்று வங்கியில் 6 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறார்.

கைப்பேசித் திரையைக் காட்டினார். பளபளப்பான ஒரு பக்கம். நடுவில் பச்சை வட்டத்துக்குள் ஒரு சரிக்குறி. அதன் கீழே, 'டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டது. பிளாக்செயினில் பதிவானது' என்ற வாசகம். அதற்கும் கீழே, 'உங்கள் இருப்பு: ரூ. 31,000'.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி 20,000 போட்டேன். 31,000 ஆயிருக்கு. பேங்க்ல இப்படிக் குடுப்பானா? ஒவ்வொரு ரூபாயும் கையெழுத்துப் போட்டுத்தான் நகருமாம். யாரும் ஏமாத்தவே முடியாதாம். திங்கட்கிழமை அந்த ஆறையும் போட்டுறலாம்னு இருக்கேன். வீட்ல அவதான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொன்னா."

என் பிழைப்பே ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுவதுதான். பிளாக்செயின் பரிவர்த்தனைகளின் கையொப்பங்களைச் சரிபார்க்கும் நிரல்களையும் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஆகவே உள்ளூரச் சந்தேகம் இருந்தும், உடனே 'வேண்டாம்' என்று சொல்ல மனம் வரவில்லை. பார்க்காமல் சொல்லும் 'வேண்டாம்', பார்க்காமல் சொல்லும் 'சரி'யைப் போன்றதுதான். "ஞாயிறு வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. நானே வீட்டுக்கு வர்றேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சியும், "என் பேரைப் போடாம எழுது. நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று அனுமதி தந்தார்.

மணியார்டர் சீட்டும் பாட்டியின் கைநாட்டும்

விஷயத்துக்குப் போகுமுன் ஒரு பழைய கதை. என் தந்தையார் அறுபதுகளில் பம்பாய்க்கு வந்தவர். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் அனுப்புவார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும். அதில் எங்கள் பாட்டியின் கட்டைவிரல் ரேகை இருக்கும். அப்பா அதை விளக்கின் அருகே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் குத்தி வைப்பார்.

ஒரு மாதம் ரேகைக்குப் பதிலாகக் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து வந்திருந்தது. அப்பா பதறிப் போனார். பணத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்களா, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அன்றே ஊருக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: பாட்டி முதியோர் வகுப்பில் சேர்ந்து பெயர் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்!

கையொப்பம் என்பது எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒப்பமிட்டவர் யார், எதற்காக ஒப்பமிட்டார் என்ற இரண்டையும் அது சொல்ல வேண்டும். பின்னர் 'நான் போடவில்லை' என்று மறுக்கவும் இடம் தரக் கூடாது. மையால் போடும் கையொப்பத்தில் ஒரு குறை உண்டு. எல்லாக் காகிதத்திலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் வரைந்துவிடலாம். 500 ரூபாய்க்குப் போட்ட ஒப்பத்தின் மேலே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிடலாம். டிஜிட்டல் கையொப்பம் அப்படியல்ல. செய்தி மாறினால் கையொப்பமும் மாறும். எப்படி என்று பார்ப்போம். ஒரு பென்சிலும் காகிதமும் இருந்தால் போதும்.

பென்சிலால் ஒரு கையொப்பம்

1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு புதிய யோசனையை வெளியிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். மற்றதை இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் அதை நடைமுறைக் கணக்காக்கிக் காட்டினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் அது ஆர்எஸ்ஏ முறை எனப்படுகிறது.

அதன் குட்டி வடிவம் இதோ. 3, 11 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. என் பொதுச் சாவி '33, 3'. இதை யாரிடமும் சொல்லலாம். என் இரகசியச் சாவி 7. 

நான் 500 ரூபாய்க்கு ஒப்பமிட வேண்டும். முதலில் செய்தியை ஒரு சிறிய எண்ணாகச் சுருக்குகிறேன். இலக்கங்களைக் கூட்டுவோம்: 5+0+0, அதாவது 5. இந்த 5ஐ என் இரகசிய எண்ணான 7 தடவை பெருக்கினால் 78,125. அதை 33ஆல் வகுத்தால் மீதி 14. இந்த 14தான் என் கையொப்பம்.

நீங்கள் சரிபார்க்க வேண்டும். உங்களுக்கு 7 தெரியாது; தெரியவும் வேண்டாம். 14ஐப் பொதுச் சாவியின்படி 3 தடவை பெருக்குங்கள். 14×14×14 = 2,744. அதை 33ஆல் வகுத்தால் மீதி 5. செய்தியைச் சுருக்கினாலும் 5. ஆக, ஒப்பம் சரி. இடையில் யாராவது 500ஐ 600 என்று திருத்தியிருந்தால் சுருக்கம் 6 ஆகிவிடும். ஆனால் 14 எப்போதும் 5ஐத்தான் தரும். திருட்டு வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் கணக்குப் போடும் பிள்ளைகள் உடனே இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடிப்பார்கள். முதலாவது, 500க்கும் 5,000க்கும் கூட்டுத்தொகை ஒன்றுதானே? உண்மை. அதனால்தான் நடைமுறையில் இலக்கங்களைக் கூட்டுவதில்லை. 'ஹாஷ்' எனப்படும் சுருக்குமுறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஒரே விடை தரும் இரண்டு செய்திகளைத் தேடிப் பிடிப்பதும் நடைமுறையில் ஆகாத காரியம். இரண்டாவது, 33ஐப் பார்த்தாலே 3, 11 என்று பிரித்து 7ஐக் கண்டுபிடித்துவிடலாமே? ஆம். ஆனால் உண்மையான சாவியில் 33க்குப் பதிலாக 617 இலக்கங்கள் கொண்ட எண் இருக்கும். அதை இரண்டு பகா எண்களாகப் பிரிக்க இன்றுள்ள கணினிகளால் முடியாது.

இது நமக்குப் புதிதும் அல்ல. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்து, டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பைத் தந்தது. கம்பெனிக் கணக்குகளைத் தாக்கல் செய்யவும் அரசு டெண்டர்களுக்கும் நம்மில் பலர் இதைப் பயன்படுத்தியிருக்கிறோம். அங்கே, இந்தச் சாவி இன்னாருடையது என்று சான்றளிக்க உரிமம் பெற்ற அமைப்புகள் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் கதையில் இதுதான் முக்கியமான இடம்.

பெயரில்லாத பேரேடு

பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. நம்மூர் மளிகைக் கடைப் பேரேடு கல்லாவுக்கு அருகே ஒரே ஒரு பிரதியாக இருக்கும். இது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதிகளாக இருக்கிறது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினின் திட்ட வரைவு வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று அப்பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. அண்ணாச்சி பணம் போட்டது 2015இல் தொடங்கிய ஈத்தரியம் என்ற இன்னொரு பேரேட்டில்.

'இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இவ்வளவு' என்பது ஒரு பரிவர்த்தனை. அதன்மேல் அனுப்புகிறவரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் பிரதி வைத்திருக்கும் கணினிகள் அதை ஏற்கும். ஆனால் கணக்குக்கு உரியவர் பெயர் அங்கே கிடையாது, விலாசமும் கிடையாது. சாவியிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு நீண்ட எண்தான் முகவரி. இன்னாருடைய சாவி என்று சான்றளிப்பவரும் இல்லை.

இங்கே பயன்படுவது ஆர்எஸ்ஏ அல்ல; வளைகோட்டுக் கணக்கு. பள்ளிக்கூடத்து வரைபடத் தாளில் ஒரு வளைகோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயர அளவின் வர்க்கம், கிடை அளவின் கனத்தோடு 7ஐக் கூட்டியதற்குச் சமம் என்பதே அதன் சூத்திரம். பிட்காயின், ஈத்தரியம் இரண்டும் இதே கோட்டைத்தான் பயன்படுத்துகின்றன. கோட்டின் மேல் ஒரு தொடக்கப் புள்ளியை உலகுக்கே பொதுவாக வைத்திருக்கிறார்கள். இரகசியச் சாவி என்பது 78 இலக்கம் வரை போகும் ஓர் எண். தொடக்கப் புள்ளியை அத்தனை மடங்கு 'கூட்டி'ப் போய்ச் சேரும் புள்ளி, பொதுச் சாவி. போய்ச் சேர்வது எளிது. சேர்ந்த இடத்தைப் பார்த்து எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் இயலாதது.

கையொப்பம் இரண்டு பெரிய எண்களால் ஆனது. சரிபார்க்கும் வழி இது. பரிவர்த்தனையின் ஹாஷை இரண்டாம் எண்ணால் வகுக்க வேண்டும். முதலாம் எண்ணையும் இரண்டாம் எண்ணால் வகுக்க வேண்டும். (இந்த வகுத்தல் மீதிக் கணக்கில் செய்வது, சாதாரண வகுத்தல் அல்ல.) முதல் விடையால் தொடக்கப் புள்ளியையும், அடுத்த விடையால் பொதுச் சாவிப் புள்ளியையும் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் கோட்டின் மேல் ஒரு புள்ளி கிடைக்கும். அதன் கிடை அளவு கையொப்பத்தின் முதலாம் எண்ணோடு ஒத்துப்போனால் ஒப்பம் செல்லும். இல்லையேல் செல்லாது. இரகசியச் சாவி எங்கும் வெளிவரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பத்து நாளில் பிறந்த மொழி

இந்தக் கணக்கை நம் கைப்பேசியின் வலைப்பக்கத்துக்குள்ளேயே போடுவது ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். பக்கத்தில் பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும் என்ற அளவுக்காக உண்டானது, இன்று கோடிக்கணக்கான டாலர்களுக்குக் காவல் நிற்கிறது!

அந்த மொழிக்குப் பெரிய எண்கள் ஒத்துவராது. 9007199254740992 என்ற 16 இலக்க எண்ணோடு 1ஐக் கூட்டச் சொன்னால், அதே எண்ணைத்தான் திருப்பித் தரும். உங்கள் வீட்டுக் கணினியிலேயே பிள்ளைகளை விட்டுச் சோதித்துப் பார்க்கலாம். 78 இலக்கக் கையொப்பத்தை அப்படிப்பட்ட மொழியிடம் அசட்டையாகக் கொடுத்தால் என்ன ஆகும்? 2020இல்தான் 'பிக்இன்ட்' என்ற பெரிய முழு எண் வகை மொழியின் தர வரையறையில் சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் எண்ணைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்குப் போட்டோம்.

நாங்கள் பெரும்பாலும் பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளைத்தான் பயன்படுத்துகிறோம். அவற்றிலும் கவனம் வேண்டும். 'எலிப்டிக்' என்ற மிகப் பரவலான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில், கையொப்பத்தின் நீளம், எல்லை போன்றவற்றைச் சரியாகச் சோதிக்காமல் விட்ட குறைகள் 2024இல் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் இன்னொரு வேடிக்கை. ஜாவா மொழியின் 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில் (பெயர் ஒற்றுமை தவிர ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் உறவில்லை) கையொப்பத்தின் இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால், எந்தச் செய்திக்கும் 'சரி' என்று சொல்லிவிடும் பிழை வெளியாயிற்று. வெற்றுக் காகிதத்தை நீட்டினால் 'ஒப்பம் சரி' என்று முத்திரை குத்தும் குமாஸ்தாவைப் போல! எண்கள் ஒன்றுக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்ற முதல் சோதனையைச் செய்ய மறந்ததன் விளைவு அது.

ஈத்தரியத்தில் இன்னொரு நுணுக்கம். பரிவர்த்தனையோடு பொதுச் சாவியை அனுப்புவதில்லை. கையொப்பத்திலிருந்தே பொதுச் சாவியைத் திரும்பக் கணக்கிட்டு, அதன் ஹாஷின் கடைசி 20 பைட்டுகளை முகவரியாக எடுத்துக்கொள்கிறோம். இதில் புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. கையொப்பத்தை மாற்றிவிட்டாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு முகவரி வந்துவிடும். முகவரி வந்தது என்பது சான்றல்ல. நாம் எதிர்பார்த்த முகவரிதானா என்று ஒப்பிடுவதுதான் சோதனை. பாட்டியின் ஒப்புகைச் சீட்டில் ஏதோ ஒரு ரேகை இருந்தால் போதும் என்று அப்பா விடவில்லை அல்லவா?

அண்ணாச்சி வீட்டில்

ஞாயிறு காலை மடிக்கணினியோடு போய்ச் சேர்ந்தேன். ஆச்சி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போகாமல் வாசற்படியிலேயே நின்றார்.

முதலில் அந்த 20,000 ரூபாய்ப் பரிவர்த்தனையைப் பொதுப் பேரேட்டிலிருந்து நேரடியாக எடுத்தேன். கையொப்பத்தின் இரண்டு எண்களும் உரிய எல்லைக்குள் இருந்தன. இரண்டாம் எண் பாதி எல்லையைத் தாண்டவில்லை. (ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு விதமாக ஒப்பம் செல்லும் என்ற குழப்பத்தைத் தவிர்க்க, 2016 மார்ச் முதல் ஈத்தரியத்தில் உள்ள விதி இது.) எந்தப் பேரேட்டுக்கானது என்ற எண்ணும் சரியாக இருந்தது. ஹாஷ் எடுத்து, முகவரியைத் திரும்பக் கணக்கிட்டு, அண்ணாச்சியின் வாலெட் முகவரியோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று.

"கையொப்பம் சரிதான், அண்ணாச்சி!" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே!" என்று ஆச்சியைப் பார்த்தார்.

"ஆனா அண்ணாச்சி, அது உங்க கையொப்பம். நீங்க பணத்தை அவங்களுக்குக் குடுத்தீங்கன்னுதான் அது சொல்லுது. அவங்க உங்களுக்கு ஒண்ணும் தரவே இல்ல."

31,000 எங்கே என்று தேடினேன். பேரேட்டில் அப்படி ஒன்று கிடையாது. அண்ணாச்சியிடமிருந்து போன பணம் ஒரு முகவரிக்குப் போய், அன்றைக்கே அங்கிருந்து இன்னொரு முகவரிக்குப் போய்விட்டிருந்தது. 31,000 என்பது அந்தப் பக்கத்தில் எழுதி வைத்த வெறும் எண். சுவரில் கரியால் எழுதுவதுபோல் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

பச்சைக் குறியை அடுத்துப் பார்த்தேன். பரிவர்த்தனை எண்ணை இட்டுச் சரிபார்க்க அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அண்ணாச்சியையே அதில் ஓர் எழுத்தை மாற்றி இடச் சொன்னேன். சக்கரம் சுற்றியது. மறுபடியும் பச்சைக் குறி! "உங்க பென்ஷன் நம்பரைப் போடுங்க" என்றேன். பச்சைக் குறி. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். வளைகோடும் இல்லை, ஹாஷும் இல்லை. மூன்று வினாடி காத்திரு, பிறகு பச்சைக் குறியைக் காட்டு என்பதுதான் அங்கே எழுதியிருந்தது.

மூன்றாவதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. 'உங்கள் கணக்கை உறுதிப்படுத்தக் கையொப்பமிடுக' என்று ஒரு கோரிக்கை காத்திருந்தது. திங்கட்கிழமை அதை அழுத்திவிட்டு, 6 லட்சத்தையும் வாலெட்டில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கோரிக்கையின் உள்ளே இருந்ததைப் பிரித்துப் படித்தேன். உறுதிப்படுத்தல் எதுவும் இல்லை. 'என் வாலெட்டில் உள்ள நாணயத்தை இந்த முகவரிக்காரர் தாமே எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்' என்பதுதான் பொருள். எவ்வளவு என்ற இடத்தில், எழுதக்கூடிய ஆகப் பெரிய எண். அளவே இல்லை என்று அர்த்தம். வெற்றுச் செக்கில் ஒப்பமிட்டுக் கொடுப்பது போலத்தான். பிறகு அவர்கள் எடுக்கும்போது அண்ணாச்சியை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. அதுவும் பேரேட்டில் முறைப்படி, செல்லுபடியாகும் கையொப்பத்தோடுதான் பதிவாகியிருக்கும்.

"வாலெட்டைத் திறக்கிறப்ப 12 இங்கிலீஷ் வார்த்தை குடுத்திருக்குமே, அதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. "தொலைஞ்சிரும், பத்திரமா நான் வச்சிருக்கேன், போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு அந்தப் பையன்தான் கேட்டான். போன்லதான் பழக்கம். நேர்ல பார்த்ததில்ல. ஆனா தம்பி, வாய் நிறைய அப்பா அப்பான்னு கூப்பிடுவான்."

அந்த 12 சொற்களிலிருந்துதான் இரகசியச் சாவி பிறக்கிறது. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவர் போடும் ஒப்பமும் அண்ணாச்சியின் ஒப்பமே. எந்த நிரலாலும் வித்தியாசம் காண முடியாது. ஒப்பமிட்டது எந்தச் சாவி என்பதைத்தான் கணக்கு சொல்லும். எந்தக் கை என்று சொல்லாது.

பெரியவர்களும் ஏமாந்தார்கள்

அண்ணாச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். 'படித்தும் முட்டாளாகிவிட்டோமே' என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. ஒருவர் ஒப்பம் போதாது, பலர் ஒப்பமிட வேண்டும் என்ற பாதுகாப்பு அங்கே இருந்தது. திரையில் காட்டியது ஒன்று, உண்மையில் ஒப்பமிடப்பட்டது வேறொன்று என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற வெளிநாட்டுப் பரிமாற்றகம் சுமார் 150 கோடி டாலரை இழந்தது. அங்கேயும் ஒப்பமிட்டவர்கள் பார்த்த வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டுக்குள் யாரோ புகுந்து வரிகளை மாற்றி வைத்திருந்தார்கள். வழக்கமான பரிவர்த்தனை என்று நினைத்து ஒப்பமிட்டார்கள். இரண்டு இடத்திலும் பேரேடு ஏற்றுக்கொண்டது செல்லுபடியாகும் கையொப்பங்களைத்தான். கணக்கை யாரும் உடைக்கவில்லை. கண்ணுக்கு முன்னிருந்த திரையைத்தான் மாற்றினார்கள். இதையே தொழிலாகக் கொண்டவர்களே ஏமாந்தபோது, ரயில்வேயில் நேர்மையாக உழைத்துவிட்டு வந்தவர் ஏமாந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"கவர்மென்டே இதுக்கு வரி வாங்குதே, அப்ப நிஜந்தானே?" என்று அண்ணாச்சி கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துக்களின் இலாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீதம் மூலத்திலேயே பிடித்தம் வந்தது. லாட்டரிப் பரிசுக்கும் வரி உண்டு. அதனால் லாட்டரிக்கு அரசு ஜாமீன் நிற்கிறது என்றாகுமா? வங்கி வைப்புக்கு 2020இல் 5 லட்சமாக உயர்த்தப்பட்ட காப்பீடு இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் இல்லை. பேரேட்டில் ஏறிய பரிவர்த்தனையைத் திருப்பிவிட ஒரு மேனேஜரும் கிடையாது.

அன்றே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிந்தோம். வாலெட்டைப் பயன்படுத்துவதை அண்ணாச்சி நிறுத்திவிட்டார். 20,000 திரும்பி வரவில்லை. வரும் என்ற நம்பிக்கை எனக்கும் குறைவு. 6 லட்சம் வங்கியிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்

நேயர்கள் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 'கையொப்பம் சரிபார்க்கப்பட்டது' என்று திரை சொல்லும்போது சில கேள்விகளைக் கேட்டால் போதும். இது யாருடைய கையொப்பம், என்னுடையதா, அவர்களுடையதா? எதற்கான கையொப்பம், அதை அப்படியே படித்துக் காட்ட முடியுமா? சரி என்று சொல்கிறவர் யார், பணம் கேட்கிறவரேதானா? ஒரு தவற்றை வேண்டுமென்றே கொடுத்தால் 'தவறு' என்று சொல்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் தொழிலின் பாலபாடம். சரியானதைச் சரி என்று சொல்வதை வைத்து ஒரு சோதனையை நாங்கள் நம்புவதில்லை. பிழையானதை மறுக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

அப்புறம் அந்த 12 சொற்கள். அப்பா என்று அழைத்தாலும் சரி, அண்ணா என்று அழைத்தாலும் சரி, அவற்றை எவருக்கும் காட்ட வேண்டாம்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, நம் மொழியில் நாலு வார்த்தை அன்பாகப் பேசுகிறவரைக் கண்டால் மனம் இளகிவிடுகிறது. அண்ணாச்சியை அழைத்த அந்தக் குரலும் நல்ல திருநெல்வேலித் தமிழ்தான் பேசியதாம். கேள்வி கேட்டால் அவன் மனம் நோகுமே என்று அண்ணாச்சி தயங்கியிருக்கிறார். என் தந்தையார் பெற்ற தாயின் கையெழுத்தையே கேட்டு எழுதியவர். பாட்டி அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதச் சீட்டில் இன்னும் கொஞ்சம் பெரிதாக, அழுத்தி எழுதி அனுப்பினார்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் இருப்பேன். இப்படி ஏதாவது உங்கள் கைப்பேசியில் வந்திருந்தால், பணம் போடுமுன் எடுத்து வாருங்கள். அண்ணாச்சியும் பக்கத்து நாற்காலியில் இருப்பார். பச்சைக் குறியை எப்படிச் சோதிப்பது என்று இப்போது என்னைவிட அவர்தான் நன்றாகச் சொல்லித் தருகிறார்.